ஜனநாயகம் சரியும்போது பெண்களுக்கு ஏன் முதலில் அடி விழுகிறது?

2021 மார்ச் 20, சனிக்கிழமை. துருக்கியில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அரசிதழ் வெளியானது. அதில் அதிபர் எர்தோவான் கையெழுத்திட்ட 3718ஆம் எண் முடிவு இருந்தது. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பதற்கான ஐரோப்பிய உடன்படிக்கையிலிருந்து துருக்கி விலகுகிறது என்பதே அதன் சாரம். மொத்தமே சில வரிகள்தான். நாடாளுமன்றத்தில் விவாதமும் நடக்கவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. இத்தனைக்கும் பத்தாண்டுகளுக்கு முன்னால் அதே நாடாளுமன்றம் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லாமல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது. இஸ்தான்புல் நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டதால் 'இஸ்தான்புல் உடன்படிக்கை' என்றே அதற்குப் பெயர்.

இந்தச் செய்தியைச் சிலர் பெண்கள் பிரச்சினையாகப் படித்தார்கள். வேறு சிலர் ஓர் அதிபரின் அதிகாரம் எவ்வளவு தூரம் நீண்டுவிட்டது என்ற அரசியல் செய்தியாகப் படித்தார்கள். அது ஏன் இரண்டுமே என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

இந்த விஷயம் பேச்சில் அடிபடும்போதெல்லாம் மூன்று கருத்துகள் வந்து விழும். "ஜனநாயகம் போனால் எல்லோருக்கும்தானே கஷ்டம், பெண்களுக்கென்று தனியாக என்ன?" என்பது ஒன்று. "பெண்கள் விஷயமெல்லாம் கலாச்சாரம், அதற்கும் ஆட்சிமுறைக்கும் சம்பந்தமில்லை" என்பது இன்னொன்று. "எத்தனை பெண் எம்.பி.க்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அது போதும்" என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவை இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கின்றன.

## ஒரு குடியிருப்போர் சங்கம்

நாற்பது வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்குத் தேர்தல் நடக்கிறது. ஒருவர் நியாயமாக ஜெயித்துச் செயலாளர் ஆகிறார்.

வந்ததும், வெளியாள் ஒருவர் பார்த்துவந்த கணக்குத் தணிக்கையைத் தன் மச்சினரிடம் கொடுக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் இனி அட்மின் மட்டும்தான் பதிவிடலாம் என்று மாற்றுகிறார். மூன்று பேர் கொண்ட புகார்க் குழு ஒன்று இருந்தது. எழுத்தில் புகார் வந்தால் ஏழு நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அதன் விதி. "வேலையே இல்லாத குழு" என்று சொல்லி அதைக் கலைக்கிறார். ஞாயிறு காலை நடந்த பொதுக்குழுவை வேலை நாள் இரவு எட்டரைக்கு மாற்றுகிறார். இவை எதுவும் பைலாவுக்கு விரோதம் இல்லை. அடுத்த வருடத் தேர்தலும் குறித்த தேதியில் நடக்கிறது.

இதில் யாருக்கு நஷ்டம்? இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வரவில்லை என்றால் செயலாளரைப் போனில் கூப்பிட்டுச் சொல்வார், மதியத்துக்குள் சரியாகிவிடும். நான்காம் மாடியில் மகளோடு தனியாக இருக்கும் பெண்ணின் நிலை வேறு. பக்கத்து வீட்டு ஆள் குடித்துவிட்டு இரவில் அவள் கதவைத் தட்டுகிறான். அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தப் புகார்க் குழுதான். செயலாளருக்கு அவள் மேல் எந்த விரோதமும் இல்லை, அவளைப் பற்றி அவர் யோசித்தது கூட இல்லை. ஆனாலும் அவர் செய்த ஒவ்வொரு மாற்றமும் அவளிடம் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டது.

நேரடிச் செல்வாக்கு உள்ளவர் விதிகள் இல்லாமலும் காரியத்தை முடித்துக்கொள்வார். செல்வாக்கு இல்லாதவருக்கு விதிகள்தான் மொத்தக் கைமுதலும். எந்த நாட்டை எடுத்தாலும் சொத்து, பதவி, காவல்துறையில் அறிமுகம், கட்சியில் ஆள் என்று நேரடிச் செல்வாக்கு தரும் விஷயங்கள் சராசரியாகப் பெண்களிடம் குறைவு. நாட்டு அளவில் நடப்பதைப் பார்க்கும்போது இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு சொற்களுக்கு விளக்கம்

ஜனநாயகச் சரிவு என்பது ராணுவப் புரட்சி இல்லை. தேர்தலில் ஜெயித்து வந்தவர்களே, சட்டத்தின் மொழியிலேயே, தங்களைக் கேள்வி கேட்கக்கூடிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பலவீனமாக்குவது. நீதிமன்றம், பத்திரிகை, தேர்தல் ஆணையம், தணிக்கை, பல்கலைக்கழகம், மக்கள் அமைப்புகள் என்று பட்டியல் போகும். தேர்தல் மட்டும் நின்றுவிடாது. அதனால்தான் "ஓட்டுப் போடுகிறோமே, அப்புறம் என்ன சரிவு?" என்ற கேள்வி எழுகிறது.

பாலின சமத்துவம் என்றால் சட்டப் புத்தகத்தில் "ஆணும் பெண்ணும் சமம்" என்று எழுதியிருப்பது மட்டுமல்ல. தன் உடல், உழைப்பு, சொத்து, திருமணம் ஆகியவற்றில் ஒரு பெண் தானே முடிவெடுக்க முடிவதும், அதற்குத் தடை வந்தால் போய் முறையிட ஓர் இடம் இருப்பதும் அதில் சேரும். இந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் பொதுவாக மறந்துவிடுகிறோம்.

சரி, ஜனநாயகம் என்றாலே பெரும்பான்மை முடிவுதானே, பெரும்பான்மை மக்கள் வேண்டாம் என்றால் என்ன செய்வது? இதற்கு நல்ல பதில் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. பழைமையான ஜனநாயகம் என்று பெயரெடுத்த அந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். தேசிய அளவில் 1971இல்தான் அது கிடைத்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தில் 1990 ஏப்ரலில் கூட ஆண்கள் மறுபடி கூடி, உள்ளூர்த் தேர்தல்களில் பெண்களுக்கு ஓட்டு இல்லை என்று முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அங்கே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஆக, ஜனநாயகம் இருந்தாலே சமத்துவம் தானாக வந்துவிடும் என்பது தவறு. கைதூக்கி எண்ணுவது ஜனநாயகத்தின் ஒரு பகுதி. எண்ணிக்கையில் தோற்றவரின் உரிமையைக் காப்பது இன்னொரு பகுதி. சரிவு நடக்கும்போது முதலில் தேய்வது இந்த இரண்டாவது பகுதிதான்.

## எட்டுத் தவணை: துருக்கியின் கதை

துருக்கியின் தென்கிழக்கில் தியார்பக்கிர் என்ற நகரம். அங்கே ஒரு பெண்ணையும் அவளுடைய தாயையும் அந்தப் பெண்ணின் கணவன் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தான். இருவரும் புகார் கொடுப்பார்கள். அவன் மிரட்டுவான். அவர்கள் புகாரைத் திரும்பப் பெறுவார்கள். புகார் இல்லாததால் வழக்கு மூடப்படும். 2001இல் அவன் மனைவியை ஏழு முறை கத்தியால் குத்தினான். நீதிமன்றம் அபராதம் விதித்து, அதையும் எட்டுத் தவணையில் கட்டச் சொன்னது. 2002 மார்ச்சில், வேறு ஊருக்குக் குடிபோகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வண்டியில் கிளம்பிய அந்தத் தாயை அவன் சுட்டுக் கொன்றான்.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2009 ஜூனில் வந்த தீர்ப்பு, அந்தக் குடும்பத்தைக் காக்க அரசு தவறிவிட்டது என்றது. அதோடு நிற்காமல், குடும்ப வன்முறையைக் கண்டுகொள்ளாமல் விடுவது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்றும் சொன்னது. அந்த நீதிமன்றம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. 'வீட்டுச் சண்டை' என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்று அரசின் கடமையாக மாறியது.

இஸ்தான்புல் உடன்படிக்கை 2011இல் உருவானபோது இந்தத் தீர்ப்பின் பாதிப்பு அதில் இருந்தது. காப்பகங்களும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும், புகார் வாபஸ் ஆனாலும் வழக்கு நடக்க வேண்டும், நாடு சொன்னபடி செய்கிறதா என்று வெளியிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்து பார்க்க வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். அதை முதலில் உறுதிசெய்த நாடு துருக்கிதான், 2012 மார்ச்சில். அதே மாதம் உள்நாட்டிலும் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் ஆட்சியில் இருந்தது எர்தோவானின் கட்சிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்சியின் கலாச்சாரப் பார்வை 2012இலும் பழமைவாதம்தான். நடுவில் மாறியது என்ன?

அவரைத் தடுத்து நிறுத்தக்கூடியவர்கள் குறைந்துபோனதுதான் மாறியது. 2016 ஜூலையில் ராணுவப் புரட்சி முயற்சி ஒன்று தோற்றது. மறுநாளே நீதித்துறையைச் சேர்ந்த 2,700க்கும் மேற்பட்டவர்கள் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இரண்டு ஆண்டு நெருக்கடி நிலையில் நூற்றுக்கணக்கான சங்கங்கள் மூடப்பட்டன. வான் நகரில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவிவந்த ஒரு சங்கமும் அதில் போனது. குர்து மக்கள் வாழும் பகுதிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்களை நீக்கிவிட்டு அரசின் ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். அங்கே மேயர் பதவியை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து வகிக்கும் வழக்கம் இருந்தது. தியார்பக்கிரின் இணை மேயராக 2014இல் வந்த குல்தான் கிஷானாக் 2016 அக்டோபரில் கைதானார். பல ஊர்களில் நகராட்சிகள் நடத்திய பெண்கள் மையங்களும் மூடப்பட்டன. 2017இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பு, 51 சதவீதச் சொச்ச ஆதரவோடு, நிர்வாக அதிகாரத்தை முழுக்க அதிபரிடம் குவித்தது.

இவை எதையும் 'பெண்கள் செய்தி' என்று யாரும் எழுதவில்லை. ஆனால் 2021இல் ஒரே கையெழுத்தில் உடன்படிக்கையை விட்டு வெளியேற முடிந்ததற்கு இவைதான் காரணம். நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஏற்ற உடன்படிக்கையை அதிபர் தனியாக ரத்து செய்ய முடியாது என்று வழக்கறிஞர் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. உயர் நிர்வாக நீதிமன்றம் 2022இல் அவற்றைத் தள்ளுபடி செய்தது.

"உள்நாட்டுச் சட்டம் இருக்கிறதே, என்ன குறைந்துவிட்டது?" என்று அரசு கேட்டது. 2012 சட்டம் இன்னும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது சரியாக நடக்கிறதா என்று வெளியிலிருந்து வந்து பார்த்த கண் இப்போது இல்லை. 2018இல் துருக்கியைப் பற்றி விரிவான அறிக்கை கொடுத்த அந்த நிபுணர் குழு இனி அங்கே வராது. குடியிருப்பில் கலைக்கப்பட்ட அந்தப் புகார்க் குழுவை நினைத்துப் பாருங்கள்.

இதுவரை பார்த்தது இதுதான்: பெண்களின் உரிமைகளில் பெரும்பகுதி நீதிமன்றம், கண்காணிப்பு, புகார் வழி, உதவி அமைப்பு என்ற வடிவில்தான் இருக்கிறது. அதிகாரத்தை ஓரிடத்தில் குவிக்க நினைப்பவர் அகற்றுவதும் இவற்றைத்தான். பெண்களைத் தாக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் அடி அங்கே போய் விழும்.

## ஓட்டே போடாமல் ஒரு சட்டம்: போலந்து

போலந்தில் நடந்ததில் இந்த இயக்கம் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

2015 அக்டோபரில் 'சட்டமும் நீதியும்' என்ற கட்சி 37.6 சதவீத வாக்குகளோடு, 460 இடங்களில் 235ஐப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. அந்நாட்டில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் என்று ஒன்று உண்டு. நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் அது. முந்தைய நாடாளுமன்றம் அதற்கு ஐந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதில் இருவரை நேரத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்தது தவறு, மீதி மூவரின் தேர்வு சரி என்று பிறகு தீர்ப்பாயமே சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் புதிய ஆளுங்கட்சி தன் சார்பில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதிபர் ஆண்ட்ரே டூடா அவர்களில் நால்வருக்கு டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டிப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். தீர்ப்பு வந்தது 3ஆம் தேதி பகலில். முறையாகத் தேர்வான மூவர் கடைசிவரை பதவி ஏற்கவே இல்லை.

வெளிநாட்டுச் செய்திகளில் இது அப்போது வறட்டுச் சட்டச் சண்டையாகத்தான் வந்தது. யார் நீதிபதி, யார் பிரமாணம் செய்துவைப்பது என்பதில் பொதுமக்களுக்கு என்ன இருக்கிறது என்ற தொனி.

ஐந்து ஆண்டுகளில் அதற்கு விடை கிடைத்தது. போலந்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று காரணங்களுக்காக மட்டுமே கருக்கலைப்பு செய்யலாம்: தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, குற்றச் செயலால் உண்டான கர்ப்பம், கருவுக்குத் தீராத கடும் குறைபாடு. 2016இல் ஏறக்குறைய முழுத் தடை கேட்டு ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அக்டோபர் 3ஆம் தேதி பெண்கள் வேலைக்குப் போகாமல், கருப்பு உடை உடுத்தி, மழையில் குடை பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் தெருவில் இறங்கினார்கள். மூன்றே நாளில் நாடாளுமன்றம் மசோதாவைத் தோற்கடித்தது. ஆளுங்கட்சியினரே எதிர்த்து வாக்களித்தார்கள், ஏனென்றால் வாக்களித்தவரின் பெயர் ஊருக்குத் தெரியும்.

அதனால் வேறு வழி தேடப்பட்டது. 119 எம்.பி.க்கள், மூன்றாவது காரணம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தார்கள். 2020 அக்டோபர் 22ஆம் தேதி, கொரோனாவால் கூட்டம் கூடவே தடை இருந்த நேரத்தில், தீர்ப்பாயம் அதை ஒப்புக்கொண்டது. முந்தைய ஆண்டு நாட்டில் சட்டப்படி நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1,100. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அந்த மூன்றாவது காரணத்தின் கீழ் நடந்தவை. அதாவது, எந்த எம்.பி.யும் பகிரங்கமாக ஓட்டுப் போடாமலேயே ஏறக்குறைய முழுத் தடை வந்துவிட்டது. தீர்ப்புச் சொன்ன அமர்வில், ஏற்கெனவே வேறொருவர் தேர்வாகியிருந்த இடங்களில் உட்காரவைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

கருக்கலைப்பு பற்றி இதைப் படிப்பவர்களுக்குள் பலவிதமான கருத்து இருக்கும். அது இருக்கட்டும். இங்கே கேள்வி வேறு: நாடாளுமன்றத்தில் தோற்றுப்போன ஒன்றை, முறைகேடாக நிரப்பிய நீதிமன்றம் வழியாகக் கொண்டுவருவது சரியா? 2023 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏறக்குறைய இந்தக் கோணத்திலிருந்துதான் பேசியது. இந்தத் தீர்ப்பால் போலந்தில் சிகிச்சை மறுக்கப்பட்டு வெளிநாடு போக நேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், தீர்ப்பாய அமர்வில் முறையாக நியமிக்கப்படாத நீதிபதிகளும் இருந்தார்கள், எனவே அவளுடைய தனிப்பட்ட வாழ்க்கையில் நடந்த இந்தத் தலையீடு சட்டப்படியானதல்ல என்றது. நீதிபதி நியமன முறைகேடும் ஒரு பெண்ணின் உடல் உரிமையும் ஒரே தீர்ப்பில் ஒன்றாகக் கட்டப்பட்டன. இந்தக் கட்டுரைக்கு இதைவிடத் துல்லியமான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையில் என்ன ஆனது? உயிருக்கு ஆபத்து என்றால் சட்டம் அனுமதிக்கத்தான் செய்தது. ஆனால் ஆபத்து எந்த நிமிடத்தில் 'போதுமான' ஆபத்து ஆகிறது என்று சட்டம் சொல்லவில்லை. சட்டத்துக்குப் புறம்பாகக் கலைக்க உதவினால் மூன்று ஆண்டுவரை சிறை. 2021 செப்டம்பரில், ஐந்து மாதத்துக்கு மேல் கர்ப்பமாயிருந்த 30 வயதுப் பெண் ஒருவர் பனிக்குடம் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தார். கருக்கலைப்புச் சட்டத்தால் எதுவும் செய்ய மாட்டார்கள், கரு இறக்கும்வரை காத்திருப்பார்கள் என்று அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். கிருமித் தொற்று ரத்தத்தில் பரவி அவர் இறந்தார். ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே தாய் அவர்.

## குறிவைத்து அடிப்பது ஏன்?

இதுவரை சொன்னது தானாக விழும் அடி. வேண்டுமென்றே அடிப்பதும் உண்டு.

அதிகாரத்தைக் குவிக்கும் தலைவருக்கு எப்போதும் ஓர் ஆபத்து தேவை. "நம் குடும்பம் ஆபத்தில் இருக்கிறது" என்ற பேச்சுக்குச் செலவே கிடையாது. வேலை தருவேன் என்றால் தந்து காட்ட வேண்டும். குடும்பத்தைக் காப்பேன் என்றால் காத்துக் காட்ட எதுவும் இல்லை. உடன்படிக்கையிலிருந்து விலகிய மறுநாள் துருக்கி அரசு சொன்ன காரணம், ஒருபாலுறவை இயல்பாக்க முயலும் ஒரு கூட்டம் அதைக் கைப்பற்றிவிட்டது என்பது. தியார்பக்கிரில் கொலையான அந்தத் தாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் பதில் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். குடும்பத்தையும் மதத்தையும் மதிப்பவர்கள் எல்லோரும் இந்த அரசியலின் பக்கம் என்று நினைப்பது பெரிய தவறு. துருக்கியில் எர்தோவானின் மகள் பொறுப்பில் இருக்கும் அரசு ஆதரவுப் பெண்கள் அமைப்பு கூட 2020இல் அந்த உடன்படிக்கைக்கு ஆதரவாகப் பேசியது. தலையில் முக்காடு போட்ட பெண்களும் போடாத பெண்களும் சேர்ந்துதான் அதற்காக நின்றார்கள்.

ஹங்கேரியில் இன்னொரு வகை தெரிகிறது. 2010இல் மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு வந்த பிரதமர் ஓர்பானின் அரசு புதிய அரசியலமைப்பை எழுதியது, நீதித்துறையையும் ஊடகத்தையும் தன் பக்கம் சாய்த்தது. 2018இல் பாலினம் பற்றிய முதுகலைப் படிப்பை அங்கீகாரப் பட்டியலிலிருந்தே நீக்கியது, இஸ்தான்புல் உடன்படிக்கையை உறுதிசெய்ய மாட்டோம் என்று 2020இல் நாடாளுமன்றத்தில் அறிவிப்பு நிறைவேற்றியது. அதே காலத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களுக்கு ஆயுள் முழுக்க வருமான வரி இல்லை, குழந்தை பெறப்போகும் தம்பதிக்குக் கடன் என்று சலுகைகளையும் தந்தது.

சலுகை கெட்டதல்ல. பல குடும்பங்களுக்கு அந்தப் பணம் உண்மையிலேயே உதவியது. ஆனால் உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தில் போய்க் கேட்கலாம். சலுகை நின்றுபோனால் கொடுத்தவரிடம் கெஞ்சத்தான் முடியும். உரிமைகளைக் குறைத்துச் சலுகைகளைக் கூட்டும்போது, குடிமகளாக இருந்தவள் பயனாளியாக மாறுகிறாள்.

குறிவைத்து அடிக்க இன்னொரு காரணம் மிக எளியது. பெண்கள் அமைப்புகள் நன்றாகப் போராடுகின்றன. போலந்தில் அந்தக் கருப்புடைப் போராட்டத்தின் முதலாண்டு நினைவு ஊர்வலம் முடிந்த மறுநாள், 2017 அக்டோபர் 4ஆம் தேதி, பல நகரங்களில் பெண்கள் அமைப்புகளின் அலுவலகங்களுக்குள் போலீஸ் நுழைந்து கணினிகளையும் கோப்புகளையும் எடுத்துப்போனது. வன்முறைக்கு ஆளான பெண்களின் விவரங்கள் அந்தக் கோப்புகளில் இருந்தன. துருக்கியில் கொல்லப்படும் பெண்களை மாதாமாதம் எண்ணிப் பட்டியல் போட்டுவந்த ஓர் அமைப்பை, சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் புறம்பாக நடக்கிறது என்று சொல்லி மூடக் கோரி அரசு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 2023 செப்டம்பரில் அந்த வழக்கு தள்ளுபடியானது. எண்ணுவதே எதிர்ப்பாகப் பார்க்கப்பட்டது.

## எதிர்த் திசையிலும் ஓடும்

ஜனநாயகம் சரிந்தால் சமத்துவம் குறையும் என்று பார்த்தோம். சமத்துவத்துக்கான போராட்டம் ஜனநாயகத்தைத் திரும்பக் கொண்டுவருவதிலும் பங்கெடுக்கிறது. இந்தப் பாதி பேசப்படுவதே இல்லை.

துருக்கியில் 1980 ராணுவப் புரட்சிக்குப் பின் தெருவில் கூடுவதே முடியாத காலம் ஒன்று இருந்தது. 1987இல் சாங்கிரி என்ற ஊரில், அடி தாங்காமல் விவாகரத்து கேட்டு வந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு நீதிபதி மறுப்புச் சொன்னார். பெண்ணின் முதுகில் தடியும் வயிற்றில் பிள்ளையும் எப்போதும் இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு பழமொழியைத் தீர்ப்பிலேயே சேர்த்தார். இதைக் கண்டித்து மே 17ஆம் தேதி இஸ்தான்புல்லின் காடிகோய் பகுதியில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். புரட்சிக்குப் பின் அனுமதியோடு நடந்த முதல் பெரிய தெருப் போராட்டமாக அது நினைவுகூரப்படுகிறது. கட்சிகளும் தொழிற்சங்கங்களும் வாய் திறக்கத் தயங்கிய நேரத்தில் தெருவை முதலில் திறந்தது அந்த ஊர்வலம்தான்.

சிலியில் பினோசேயின் ராணுவ ஆட்சியை எதிர்த்த பெண்கள் "நாட்டிலும் ஜனநாயகம், வீட்டிலும் ஜனநாயகம்" என்று முழக்கமிட்டார்கள். வீட்டில் ஒருவர் சொல்வதே சட்டம் என்று பழகியவருக்கு நாட்டிலும் அது இயல்பாகத் தோன்றும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு உண்டு. அந்த ஆட்சியும் தன் பங்குக்கு ஒன்று செய்துவிட்டுப் போனது. 1989இல், பதவியை விட்டுப் போகச் சில மாதங்களே இருந்தபோது, தாயின் உயிரைக் காப்பதற்காகக்கூடக் கருவைக் கலைக்கக் கூடாது என்று சட்டத்தை மாற்றியது. தேர்தல்கள் திரும்பி வந்த பிறகும் அதை மாற்ற 2017வரை ஆனது.

## எண்ணிக்கையை எப்படிப் பார்ப்பது?

மூன்றாவது கருத்துக்கு வருவோம். பெண் எம்.பி.க்களின் எண்ணிக்கை.

உலகிலேயே பெண்கள் அதிகம் உள்ள நாடாளுமன்றம் ருவாண்டாவுடையது. 2008இல் பெண்கள் பாதிக்கு மேல் வந்த முதல் நாடும் அதுதான், இன்று 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நிலத்திலும் வாரிசுரிமையிலும் பெண்களுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு அங்கே உண்மையான முன்னேற்றம். அதே நாட்டில் 2017இல் அதிபர் பால் ககாமேவை எதிர்த்துப் போட்டியிட முன்வந்த டயான் ருவிகாரா என்ற பெண்ணின் மனு நிராகரிக்கப்பட்டது. பிறகு அவரும் அவருடைய தாயும் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். கடைசியில் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ககாமே அந்தத் தேர்தலில் ஏறக்குறைய 99 சதவீதம் எடுத்து ஜெயித்தார்.

நாற்காலிகளில் பெண்கள் உட்காரலாம், அதிபரின் நாற்காலிக்கு எதிராக நிற்க மட்டும் முடியாது. இந்த நிலையைக் காட்சிச் சமத்துவம் என்று சொல்லலாம்: வெளியுலகுக்குக் காட்ட எண்ணிக்கை இருக்கும், ஆட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை இருக்காது. எண்ணிக்கை முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எண்ணிக்கையோடு சேர்த்து, அந்தப் பெண் உறுப்பினர் தன் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டால் அவருக்கு என்ன நடக்கும் என்றும் கேட்க வேண்டும்.

சுருக்கமாக, இந்த உறவு ஒரே கோட்டில் போவதில்லை. ஜனநாயகம் இருந்தும் பெண்களுக்கு ஓட்டு இல்லாத சுவிட்சர்லாந்து இருந்தது. பெண் எம்.பி.க்கள் நிறைந்தும் எதிர்க்க முடியாத ருவாண்டா இருக்கிறது.

## போனது திரும்பி வருமா?

2023 அக்டோபரில் போலந்தில் 74 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பதிவாயின. கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்தபின் அந்நாடு அவ்வளவு வாக்குப்பதிவைக் கண்டதில்லை. அதில் ஆண்களைவிடப் பெண்கள் சற்று அதிகமாக வாக்களித்ததாகத் தேர்தல் நாள் கணிப்பு காட்டியது. 'சட்டமும் நீதியும்' கட்சி பெரும்பான்மையை இழந்தது. டொனால்ட் டஸ்க் தலைமையில் கூட்டணி ஆட்சி வந்தது. இஸ்தான்புல் உடன்படிக்கைக்கு எதிராகப் பழைய பிரதமர் தீர்ப்பாயத்தில் போட்டிருந்த மனுவைப் புதிய அரசு 2024 ஜனவரியில் வாபஸ் வாங்கியது.

கருக்கலைப்புச் சட்டத்தில் அப்படி நடக்கவில்லை. கலைக்க உதவுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் மசோதா 2024 ஜூலையில் 218க்கு 215 என்று தோற்றது. ஆளுங்கூட்டணியின் பழமைவாதப் பிரிவே ஆதரவு தரவில்லை. நிறைவேறியிருந்தாலும் அப்போதைய அதிபர் டூடா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். சட்டத்தை மாற்ற முடியாத அரசு, இருக்கும் சட்டத்துக்குள்ளேயே மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது: உடல்நலத்துக்கு ஆபத்து என்பதில் மனநலமும் அடங்கும், ஒரு மனநல மருத்துவரின் சான்று போதும் என்று. 2020 தீர்ப்பு அப்படியே நிற்க, அதைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு வழியை மட்டும் அது திறந்திருக்கிறது. அந்த வழி திறந்திருப்பதும் அடைபடுவதும் ஒவ்வொரு மருத்துவமனையின் துணிச்சலையும், அடுத்த தேர்தலையும் பொறுத்தது.